ரப்பர் எலை வட்டமும் வாசகர் கேள்விகளும்

போன மாசம் இந்த பக்கத்துல ஒரு போட்டோ போட்டிருந்தோம்லா, திற்பரப்பு அருவிக்கு கீழ ஆத்துக்குள்ள கிடக்க ஒரு கரும்பாறை, அதுக்க மேல உதிர்ந்த ரப்பர் எலையா பொறுக்கி வட்டமா அடுக்கி வச்சது, நடுவுல மஞ்ச, வெளிய வர வர ஆரஞ்சு, கடைசி சுத்து நல்ல சிவப்பு. அனுப்பினவங்க பேர் போட வேண்டாம்னு சொல்லிட்டாங்க. கூட ஒரே வரிதான் எழுதியிருந்தாங்க, காலையில செஞ்சது மத்தியானம் இல்லன்னு. சாதாரணமா இந்த பக்கத்துக்கு வர்ற கேள்வி பட்டா, கரண்ட் பில், மாமியா மருமக சண்டை இப்படித்தான் இருக்கும், இந்த தடவ பாதிக்கு மேல அந்த எலை வட்டத்த பத்தி. அதனால மத்தத அடுத்த மாசத்துக்கு தள்ளிட்டேன், பட்டா கேட்டவங்க கோவிச்சுக்கிடாதீங்க.

மார்த்தாண்டம் வாசகி: அந்த போட்டோவ வெட்டி ஃப்ரிட்ஜ் மேல ஒட்டி வச்சிருக்கேன். ரொம்ப பிடிச்சிருக்கு, ஏன்னு கேட்டா சொல்ல தெரியல. எங்க வீட்டுக்காரர் "குப்பைய அடுக்கி வச்சிருக்கான், அத போயி ஒட்டி வச்சிருக்கியே"ங்காரு. இத எல்லாம் எப்படி பாக்கணும்?

அக்கா, உங்க வீட்டுக்காரர் சொன்னதுல தப்பு ஒண்ணும் இல்ல. குப்பைதான் அது. தை மாசம் ரப்பர் தோட்டத்துக்குள்ள போனா கணுக்கால் முங்க சருகு கிடக்கும், நடந்தா வர்ற சத்தத்துல பக்கத்துல வர்றவன் பேசுறது காதுல விழாது. எலை உதிர்ந்து புது எலை வர்ற அந்த கொஞ்ச நாள் பால் கம்மியாகும், பால் வெட்டுறத நிறுத்தி மரத்துக்கு ரெஸ்ட் குடுப்பாங்க. அதனால நம்ம ஊர்ல அந்த செவப்பு எலைன்னாலே "வெட்டு இல்ல, கையில காசு இல்ல"ங்குற காலந்தான் ஞாபகம் வரும், அழகுன்னு யாருக்கும் தோணாது.

நானும் முதல்ல கொள்ளாமேன்னு பாத்துட்டு அடுத்த கவர பிரிக்க போயிட்டேன். பொறவு ஒரு சந்தேகம், ரப்பர் எலையில இவ்வளவு செவப்பு உண்டுமா, கம்ப்யூட்டர்ல ஏதும் கலர் ஏத்திட்டாங்களான்னு. மச்சினன் தோட்டத்துக்கு போயி ஒரு சாக்கு எலை அள்ளிட்டு வந்து திண்ணையில கொட்டி உக்காந்தேன். ரப்பருக்கு ஒரு காம்புல மூணு எலைலா, அந்த மூணுமே ஒரே கலர்ல இல்ல, ஒண்ணு எலுமிச்சம் மஞ்ச, பக்கத்துல உள்ளது நரம்ப சுத்தி மட்டும் இன்னும் பச்சை, மூணாவது நுனியில இருந்து பாதி வர செவந்து பாதி அப்படியே நிக்குது. பச்சைக்கு காரணமான குளோரோபில் சிதைஞ்சு போனதும் அது வர ஒளிஞ்சு கிடந்த மஞ்ச தெரியுது, செவப்பு அப்படி இல்ல, உதிர்றதுக்கு முன்ன எலை புதுசா உண்டாக்குறது. சாகப் போற நேரத்துல எதுக்கு அத உண்டாக்குதுன்னு விஞ்ஞானிங்களே இன்னும் சண்டை போட்டுட்டுதான் இருக்காங்க. மஞ்சள்ல இருந்து செவப்பு வர ஏழு எலைய வரிசையா வைக்க எனக்கு முக்கா மணி நேரம் ஆச்சு. வச்சு முடிச்சு நிமிந்தா வெயில் மாறியிருக்கு, வரிசை தப்பா தெரியுது.

அப்புறம் அந்த போட்டோவ திரும்ப எடுத்து பாத்தேன், இப்ப வேற படமா இருந்துது. நீங்களும் ஃப்ரிட்ஜ் கிட்ட போயி நல்லா பாருங்க, எலை நுனி எல்லாம் ஒரே பக்கம் திரும்பி இருக்கு, காம்பு ஒண்ணு கூட வெளிய தெரியல, ஒவ்வொண்ணுக்க காம்பையும் அடுத்த எலை மூடியிருக்கு. நூல் இல்ல, பசை இல்ல, தண்ணியில முக்கி பாறையில ஒட்டினதுதான். வலது பக்கம் ரெண்டாவது சுத்துல ஒரு எலையில புழு தின்ன ஓட்டை, அது வழியா கரும்பாறை ஒரு மிளகு அளவுக்கு தெரியுது. நல்ல எலை எம்புட்டோ கிடக்கையில அத எடுத்து அங்க வச்சிருக்காங்க, வேணும்னுதான் வச்சிருக்கணும். இடது பக்க ஓரத்துல மூணு எலை காஞ்சு ஏற்கனவே மெல்ல தூக்க ஆரம்பிச்சாச்சு. படம் எடுக்கும்போதே அது கிளம்பிட்டு. உங்களுக்கு ஏன் பிடிச்சுதுன்னு எனக்கு தெரியாது அக்கா, எனக்கு பிடிச்சது அந்த மூணு எலையும் ஓட்டையுந்தான். வீட்டுக்காரர்ட்ட பத்து எலைய குடுத்து கலர் வரிசையா அடுக்க சொல்லுங்க, அதுக்கப்புறம் குப்பைன்னு சொன்னா ஒத்துக்கிடலாம்.

தக்கலை வாசகர்: ரெண்டு மணி நேரத்துல ஆத்தோட போற காரியத்துக்கு இம்புட்டு மெனக்கெடணுமா? வேலை வெட்டி இல்லாதவங்க செய்றத எல்லாம் பத்திரிகையில போடணுமா?

வரப்போற ஓணத்துக்கு இத உங்க வீட்டுல கேட்டுப் பாருங்க அண்ணே. அத்தத்துல இருந்து திருவோணம் வர பத்து நாளு, நாளுக்கு நாளு அத்தப்பூ வட்டம் பெருசாகும், தோவாளை சந்தையில அந்த வாரம் பூ விலை கேட்டா தலை சுத்தும், வாடாமல்லியும் கிரேந்தியும் அரளியுமா வாங்கி குத்த வச்சு உக்காந்து முதுகு ஒடிய போட்டு, சாயங்காலம் வாடி, மறுநாள் பெருக்கி தள்ளி, மறுபடி. 1956ல நம்ம கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சியில இருந்து பிரிஞ்சு தமிழ்நாட்டோட சேர்ந்த பொறவும் அத நாம விடலையே, ஓணத்துக்கு இன்னைக்கும் மாவட்டத்துக்கு உள்ளூர் லீவு உண்டுல்லா. மார்கழி கோலம் இன்னும் மோசம், ஆறு மணிக்கு போட்டத ஆறே காலுக்கு பால்காரர் சைக்கிள் ஏத்திட்டு போவாரு.

ஆனா ஒண்ணு. உங்க கருத்துக்கு நேர் எதிரா நிறைய பேரு "இதெல்லாம் எங்க பாட்டி அப்பவே செஞ்சாச்சு, வெளிநாட்டுக்காரன் இப்பதான் கண்டுபிடிக்கான்"னு எழுதியிருக்காங்க. அதுவும் எனக்கு சரியா படல. அத்தப்பூக்கு நாள் உண்டு, முற்றம் உண்டு, நாளைக்கு பெருசா போடணும்ங்குற முறை உண்டு, கிளப்புல போட்டா பிரைஸ் கூட உண்டு. பாக்க வர்றவங்க கட்டாயம் வருவாங்க. ஆத்துப் பாறையில வச்ச எலை வட்டத்துக்கு இது ஒண்ணும் கிடையாது. யாரும் எதிர்பாக்கல, எந்த சாமிக்கும் இல்ல, எந்த முறையும் இல்ல. அப்படி இருந்தும் ஒருத்தர் உக்காந்து செஞ்சிருக்காரு பாத்தியளா, அதான் எனக்கு ஆச்சரியம். ரெண்டையும் ஒரே சாக்குல போட்டு கட்ட வேண்டாம்னு தோணுது.

நாகர்கோவில் கல்லூரி மாணவி: இதுக்கு லேண்ட் ஆர்ட்னு பேருன்னு படிச்சேன். யாரு ஆரம்பிச்சது, கொஞ்சம் சொல்லுங்களேன்.

சொல்லுதேன் மக்களே. தனியா ஒருத்தர் ஆரம்பிச்சதுன்னு சொல்ல முடியாது, 1960கள் கடைசியில அமெரிக்காவுலயும் இங்கிலாந்துலயும் சிலபேருக்கு கேலரிக்குள்ள வச்சு விக்கிற கலை அலுத்துப் போச்சு, வெளிய நிலத்துல இறங்கிட்டாங்க. அதுல எனக்கு ரொம்ப பிடிச்சது 1967ல ரிச்சர்ட் லாங் செஞ்சது. அப்ப அவரு லண்டன்ல கலை படிக்கிற பையன், 22 வயசு. ரயிலேறி ஊருக்கு வெளிய போயி ஒரு புல்வெளியில நேரா நடந்தாரு, திரும்பி வந்தாரு, திரும்ப நடந்தாரு, புல்லு படிஞ்சு வெயில்ல ஒரு கோடா தெரியுற வர நடந்தாரு. அத ஒரு கருப்பு வெள்ளை போட்டோ எடுத்துட்டு வந்தாச்சு. அவ்வளவுதான் காரியம். புல்லு பொறவு நிமிந்திருக்கும், போட்டோ இன்னைக்கும் பேசப்படுது. நம்ம வயக்காட்டு வரப்புல தினமும் நடந்து நடந்து ஒத்தையடிப்பாதை விழுதுல்லா, அதே சங்கதிதான், நாம கடைக்கு போக நடந்தோம், அவரு கோட்டுக்காகவே நடந்தாரு.

இதுக்கு நேர் எதிர் ராபர்ட் ஸ்மித்சன். 1970ல அமெரிக்காவுல யூட்டா மாநிலத்து உப்பு ஏரிக்குள்ள லாரியும் புல்டோசரும் வச்சு கருங்கல்லும் மண்ணுமா கொட்டி, 1500 அடி நீளம், 15 அடி அகலத்துல சுருளா ஒரு பாதை போட்டாரு, ஸ்பைரல் ஜெட்டின்னு பேரு. ரெண்டு வருஷத்துல ஏரியில தண்ணி ஏறி முங்கிட்டு. 1973ல, இன்னொரு வேலைக்கான இடத்த மேல இருந்து பாக்கப் போன விமானம் விழுந்து அவரும் போயிட்டாரு, 35 வயசு. முப்பது வருஷம் போல முங்கி கிடந்து 2002 வாக்குல மழை இல்லாம ஏரி வத்தினப்ப வெளிய வந்துது, கருங்கல் மேல எல்லாம் வெள்ளையா உப்பு படிஞ்சு. அவரு கல்லும் மண்ணுமா கட்டினாரு, ஏரி அதுக்க இஷ்டத்துக்கு ஒளிச்சு வச்சு காட்டுது.

நம்ம எலை வட்டத்துக்கு நேரடி சொந்தக்காரர்னா ஆண்டி கோல்ட்ஸ்வொர்த்தி. 1956ல இங்கிலாந்துல பிறந்தவரு (நம்ம மாவட்டத்துக்கும் அவருக்கும் ஒரே வயசு பாத்துக்கிடுங்க), குடியிருக்கது ஸ்காட்லாந்துல. பதிமூணு வயசுல இருந்து பண்ணையில கூலி வேலை பாத்தவரு. எலைய எலையோட முள்ளு குத்தி கோக்குறது, பனிக்கட்டிய எச்சில் தொட்டு ஒட்டுறது, கைக்கு உறை கூட போடாம. முள்ளு குத்துறத படிச்சதும் எனக்கு சிரிப்பு வந்துது, பாட்டா முற்றத்துல உக்காந்து பிலாவெலைய கோட்டி ஈர்க்கில் குத்தி கஞ்சிக்கு கரண்டி ஆக்குவாருல்லா, அதே கைவேலைதான்! கஞ்சி குடிச்சு முடிச்சதும் பாட்டாவும் தூர எறிவாரு. கோல்ட்ஸ்வொர்த்திக்க இன்னொரு வேலை உண்டு, மழை தூற ஆரம்பிச்சதும் தரையில மல்லாக்க படுத்துக்கிடுவாரு, சுத்தி நனைஞ்ச பொறவு பைய எந்திரிச்சா அவரு படுத்த இடம் மட்டும் காஞ்சு ஒரு ஆளு கணக்கா கிடக்கும், அடுத்த நிமிஷம் அதுவும் நனைஞ்சு போகும். நம்ம இடவப்பாதி (தென்மேற்கு பருவ) மழையில இத முயற்சி பண்ண வேண்டாம், ஆளையே அடிச்சுட்டு போயிரும்.

கடியபட்டணம் வாசகர்: எங்க கடப்புறத்துல நண்டு குழி தோண்டி மணல உருட்டி உருட்டி போட்டு வைக்குது, காலையில போயி பாத்தா பூ போட்டாப்புல இருக்கும். அலை வந்து அழிக்கும். அத யாரும் கலைன்னு சொல்லல. மனுஷன் செஞ்சா மட்டும் கலையா?

அண்ணே, இந்த கேள்விக்கு பதில் எழுதி எழுதி மூணு தடவ கிழிச்சு போட்டேன். நண்டு வீட்டு வேலை பாக்குது, முடிச்சுட்டு தள்ளி நின்னு அழகு பாக்கல, அதனால கலை இல்லன்னு முதல்ல எழுதினேன். அப்புறம் நண்டு பாக்கலைன்னு எனக்கு எப்படி தெரியும்னு ஒரு யோசனை. ஆனா ஒண்ணு சொல்லலாம், நீங்க பாத்திருக்கீங்க. தினமும் கடலுக்கு போற ஆளு, அவசரத்துல போறப்பவும் பூ போட்டாப்புல இருக்குன்னு கண்ணுல பட்டிருக்கு. லாங்குக்கும் அந்த புல்லு அப்படித்தான் பட்டிருக்கும்.

நண்ட விடுங்க, உங்க கடலே அங்க ஒரு வேலை பாக்குது. அலை ஏறி இறங்கின பொறவு மணல்ல கருப்பு கருப்பா கோடு விழுந்து கிடக்கும்லா, சில நாள் நடுவுல குங்குமம் தூவினாப்புல செவப்பு. சாதா வெள்ளை மணல் தண்ணிய விட 2.65 மடங்கு கனம், கருப்பு இல்மனைட் 4.7 மடங்கு போல, செவப்பு கார்னெட் ரெண்டுக்கும் நடுவுல. அலை திரும்பி போகையில லேசான வெள்ளை மணல இழுத்துட்டு போயிரும், கனமான கருப்பும் செவப்பும் அந்த அந்த இடத்துல தங்கிரும். சுளகு வச்சு புடைச்சாப்புல. மணவாளக்குறிச்சியில இதே வித்தியாசத்தையும், கூட காந்தத்தையும் கரண்டையும் வச்சு மெஷின்ல மணல பிரிச்சு எடுக்காங்க, அந்த பஞ்சாயத்து வேற, இங்க வேண்டாம். கன்னியாகுமரிக்கு வர்ற டூரிஸ்ட்டுக்கு இந்த கலர் மணல பாக்கெட்டுல அடைச்சு விக்காங்கல்லா, தேவிக்க கல்யாணம் நின்னு போன அன்னைக்கு சமைக்காம விட்ட அரிசியும் பருப்புந்தான் மணலாச்சுன்னு கதை வேற. எனக்கு அந்த பாக்கெட் பிடிக்காது. கோடா கிடக்கையில இருக்க அழகு பாக்கெட்டுல இல்ல.

நாகர்கோவில் வாசகர், முன்ன ஸ்டுடியோ வச்சிருந்தவர்: அழிஞ்சு போறதுதான் அழகுன்னு சொல்லிட்டு போட்டோ எடுத்து பத்திரிகைக்கும் அனுப்பியாச்சு. பின்ன எங்க அழிஞ்சுது? இது ஏமாத்து வேலைதானே?

நல்ல குத்து. பாதி ஒத்துக்கிடுதேன். போட்டோ இல்லன்னா நாம இத பேசிட்டே இருக்க மாட்டோம், லாங் நடந்தது அவருக்கும் அந்த புல்லுக்கும் மட்டுந்தான் தெரிஞ்சிருக்கும். ஆனா நீங்க எத்தனை கல்யாணம் எடுத்திருப்பீங்க, பந்தியில போளி மேல பாயாசம் விடுற போட்டோ ஆல்பத்துல நாப்பது வருஷம் இருக்கும், வாயில அந்த ருசி இருக்காது, அதுக்காக ஆல்பம் பொய்யின்னு யாராவது சொன்னாங்களா? ரெண்டும் வேற வேற. ஆல்பத்த பாத்து சாப்பிட்டாச்சுன்னு நினைச்சாத்தான் தப்பு.

உங்க தொழில் சம்பந்தமா ஒண்ணு சொல்லணும், இந்த மாதிரி படத்துல எனக்கு உறுத்துறது வேற. ஃபிரேமுக்கு வெளிய என்ன கிடந்துதுன்னு தெரியாது. எலை வட்டம் அனுப்பினவங்கட்ட கேட்டே கேட்டேன், பாறைக்க பக்கத்துல ஷாம்பு பாக்கெட் ரெண்டும் ஒரு குழந்தை செருப்பும் கிடந்துதாம், பொறுக்கி பையில போட்டுட்டுதான் எடுத்தேன்னாங்க. உள்ளத சொன்னதுக்காகவே எனக்கு மதிப்பு கூடிட்டு.

குலசேகரம் பக்கத்து டீச்சர்: எங்க அஞ்சாங்கிளாஸ் பிள்ளைகளை கூட்டிட்டு போயி இப்படி செய்யலாமான்னு ஆசை. என்ன எல்லாம் பாத்துக்கணும்?

தாராளமா செய்யுங்க டீச்சர், ஆத்துக்கு மட்டும் போகாதீங்க. மேல பேச்சிப்பாறை அணையில தண்ணி திறந்தா கீழ நிக்கிறவனுக்கு தெரியுறதுக்குள்ள ஏறிரும், பாறை வழுக்கும், ஒரு வகுப்பு பிள்ளைகளை ஒத்தையாளா பாக்க முடியாது. ஸ்கூல் மைதானத்து மரத்தடி போதும். விழுந்தத மட்டும் எடுக்கணும், பறிக்கக் கூடாதுன்னு முதல்லயே சொல்லிருங்க, இல்லன்னா பக்கத்து வீட்டு செம்பருத்தி மொட்டையாகி உங்கள தேடி ஆளு வரும். கல்லு மேல கல்லு அடுக்குறது வேண்டாம், ஆத்துக் கல்லுக்கு அடியில பூச்சி முட்டையும் மீன் குஞ்சும் இருக்கும், பெயர்த்து எடுத்தா அதுக்க வீடு போச்சு. ரப்பர் காய் வெடிக்கிற சீசன்னா புள்ளி போட்ட கொட்டை நிறைய கிடைக்கும், அடுக்க ரொம்ப தோது, வாயில போடாம மட்டும் பாத்துக்கிடுங்க.

அப்புறம் காத்து. ஆடியில ஆரல்வாய்மொழி காத்துக்கு ஓட்டுக்கூரையே நிக்காது, எலை எங்க நிக்கும்.

எனக்க கதைய சொல்லிருதேன், உங்களுக்கு உதவும். போன மாசம் அந்த போட்டோவ பாத்த வேகத்துல நானும் வீட்டு முற்றத்துல ஒரு ஞாயித்துக்கிழமை ஆரம்பிச்சேன். பிலா மரத்துல பழுத்த எலை கிடந்துது, மஞ்ச, ஆரஞ்சு, சிலதுல காப்பிப்பொடி கலர்ல பொட்டு. குனிஞ்சு குனிஞ்சு ஒண்ணரை மணி நேரம், நாலு சுத்து வந்தாச்சு, இடுப்பு விட்டுப் போச்சு. வீட்டுக்காரி ஜன்னல் வழியா பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம போயிட்டா, அது சொன்னத விட மோசம். போட்டோ எடுக்க ஃபோன எடுத்துட்டு வரலாம்னு உள்ள போனேன், சார்ஜ் இல்ல, சொருகிட்டு ஒரு டீ குடிச்சுட்டு வெளிய வந்தா பக்கத்து வீட்டு ஆடு. வெளி சுத்துல இருந்து முறையா, வரிசை தப்பாம தின்னுட்டு வந்து மூணாவது சுத்துல நிக்கி. ஆட்டுக்கு பிலாவெலைன்னா பிரியாணில்லா, இத யோசிக்காம உக்காந்தது எனக்க தப்பு. விரட்ட கை ஓங்கினேன், அப்புறம் விட்டுட்டேன். மூணு சுத்து போன பொறவு பாக்கிய வச்சு என்ன செய்ய. பிள்ளைகளுக்கு ரப்பர் எலையே குடுங்க டீச்சர்.

அருமனையில இருந்து அஞ்சாங்கிளாஸ் பையன், போஸ்ட் கார்டுல: அந்த வட்டம் மத்தியானம் எங்க போச்சு? யாரு கலைச்சா?

இத நீ ஒருத்தன்தான் மக்களே கேட்டிருக்க, பெரியவங்க யாருக்கும் தோணல. உனக்காக அனுப்பினவங்களுக்கு போன் போட்டு கேட்டேன்.

ஏழரை மணிக்கு படம் எடுத்தாங்களாம். எட்டு மணிக்கு துணி துவைக்க ஒரு அம்மா வாளியோட வந்தாங்களாம், அவங்க தினமும் துவைக்கிற பாறை அது. வட்டத்த பாத்துட்டு "என்ன மக்களே, பூசையா?"ன்னாங்களாம். இல்ல சும்மான்னு சொன்னதுக்கு "சும்மாவா"ன்னு கேட்டுட்டு, வாளிய தூக்கிட்டு அடுத்த பாறைக்கு போயி அங்க இருந்து துவைச்சாங்களாம். துணி அடிச்ச தண்ணி தெறிச்சு ஓரத்துல ரெண்டு மூணு எலை முதல்ல போச்சு. பத்து மணிக்கு வெயில் ஏறி மேல உள்ளது எல்லாம் காஞ்சு சுருண்டுது, காத்து வந்து செவப்பு சுத்து பாதி ஒண்ணா கிளம்பி ஆத்து தண்ணியில விழுந்து வரிசையா போச்சாம், படம் அனுப்பினவங்க கரையோட கொஞ்ச தூரம் கூடவே நடந்திருக்காங்க. திரும்பி வந்து பாத்தா பாறையில நடுவுல உள்ள மஞ்ச எலை ஒண்ணே ஒண்ணு ஒட்டிட்டு நிக்குது. அந்த அம்மா துணி எல்லாம் பிழிஞ்சு வாளியில வச்சுட்டு, போற வழியில அத உரிச்சு எடுத்து துணி மேல போட்டுட்டு போயிட்டாங்களாம். எதுக்குன்னு கேக்கலையாம்.